தெரிந்த மொழிகள்

வேலையில் திரும்பச் சேர ஒரு படிவம் தந்தார்கள்.
பெயர், குலாம் தஸ்தகீர்.
பதவி, உதவி நூலகர், பினாங்கு.
தெரிந்த மொழிகள் என்ற இடத்தில்
விரலளவு கோடு.
ஆறு மொழிகளை அதில் ஏற்றினேன்,
சயாமுக்குப் போன ரயிலில்
ஆட்களை ஏற்றியதுபோல.
அடுத்த கேள்வி:
நாற்பத்திரண்டிலிருந்து என்ன செய்தீர்?

கடிதம் படித்தேன்.
கடிகாரம் எட்டு என்னும்.
சூரியன் ஆறரை என்னும்.
இரண்டுக்கும் நடுவில் என் நாற்காலி.
லெப்டினன்ட் மொரிகுச்சி ஒரு பென்சில் கொடுத்தார்,
ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு.
நீலக் கோடிட்டால் கடிதம் போகும்.
சிவப்புக் கோடிட்டால் எழுதியவர் வருவார்.

ஒருநாள் ஒரு தாள் மேசை மேசையாக அலைந்து
என்னிடம் வந்தது.
ஜாவி எழுத்து, ஆனால் மலாய் இல்லை என்றார் மலாய்க்காரர்.
அரபு இல்லை என்றார் ஹாஜியார்.
சங்கேதம் என்று எழும்பி நின்றது அலுவலகம்.
நான் வாசித்தேன்.
அரபு எழுத்துக்குள்
எங்கள் வீட்டுத் தமிழ்.
கெடாவில் இருக்கும் மாமிக்கு
அல்வா கிண்டும் பக்குவம்:
நெய் பதினேழு பலம், சீனி நான்கு,
ஏலம் ஒன்பது.

மரவள்ளிக்கிழங்கையே எண்ணித் தின்ற வருஷம்.
பதினேழு பலம் நெய்
பினாங்கில் யார் வீட்டில்?

அன்று ராத்திரி
லைட் ஸ்திரீட் நூலகத்தின் பின்கதவு வழியாக நுழைந்தேன்.
புத்தகங்கள் செங்கல்போலக் குவிந்து கிடந்தன.
எனக்கு வேண்டியது
ஜாதிக்காய்ப் பயிர் பற்றிய பச்சை அட்டை, இரண்டாம் பிரதி.
முதல் பிரதி மீரான் கனியிடம்.
ஒரு மரம்கூட இல்லாத மனிதன்
அதை நான்கு முறை எடுத்திருந்தான்.
நான்கு முறையும் நான்தான் முத்திரை குத்தினேன்.
துறைமுகத்தில் கயிறு விற்பவன்.

பதினேழாம் பக்கம், நான்காம் வரி, ஒன்பதாம் சொல்.
விதை.
பிறகு, இரண்டு.
பிறகு, நனைந்தது.
நீர்மூழ்கிக் கப்பலுக்கு
ஜாதிக்காய்ப் புத்தகத்தில் வேறென்ன சொல் கிடைக்கும்!

"அல்வா" என்றேன் மறுநாள்.
"பசி. பெருநாளை நினைத்து எழுதியிருக்கிறார்கள்."
மொரிகுச்சி சிரித்தார்.
என் பென்சிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.
"ஒரு முனை மட்டும் தேய்கிறதே."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம்
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு கடிதம்,
பாதி மலாய் பாதி ஹொக்கியென்.
செவ்வாய்க்கிழமைப் படகில்
பிறையிலிருந்து மூன்று பன்றிகள் வரும்,
கூட ஆள் அனுப்பவும்.
பன்றி என்றால் துப்பாக்கியாக இருக்கலாம்,
மூன்று என்றால் முப்பதாக இருக்கலாம்,
அப்படித்தான் எனக்கு நானே பொழிப்புரை சொன்னேன்.
பென்சிலைத் திருப்பினேன்.

செவ்வாய்க்கிழமை
மூன்று பன்றிகள் வந்திறங்கின.
வாங்க ஆளில்லாமல்
இருட்டும்வரை படகுத்துறையில் கத்தினவாம்.

மீரான் கனி பிழைத்தானா தெரியாது.
அந்த விதைகள் எந்தக் கடலில் முளைத்தன, அதுவும் தெரியாது.
படிவத்தில் "மொழிபெயர்ப்பு" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
மாதக் கடைசியில் வேலை கிடைத்தது.

போன மழைக்காலத்தில் ஒரு பையன்
உறுப்பினர் அட்டை கேட்டு வந்தான்.
லிம் எங் ஹுவாட். வயது பதின்மூன்று.
ஆயர் ஈத்தாம். அதே கதவெண்.
கையெழுத்துகூட
அதே இடப்பக்கச் சாய்வு.
"எத்தனை புத்தகம் எடுக்கலாம்?"
"இரண்டு" என்றேன், விதி அது.
ஹொக்கியெனில் கேட்டான்,
நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன்.

எப்போதும் தாமதமாகத்தான் திருப்பித் தருகிறான்.
தேதி முத்திரையின் சக்கரத்தை
கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளி
குத்துகிறேன்.
எட்டு காசு, பத்து காசு.
இதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று
எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும்
கேட்கத் தெரியவில்லை.