இருபத்தெட்டாம் நாள்

நகர மண்டபம் என்று தமிழிலும் எழுதியிருந்த
நிலையத்தில் இறங்கிப் படியேறினால் மழை.
ஓடினால் பாதிதான் நனைவோம் என்கிற தூரத்தில்
தேவாலயம் நின்றது,
இஸ்திரி போட்டு யாரும் இன்னும் உடுத்தாத
பள்ளிச் சட்டை போல.

சாமி கும்பிட வரவில்லை.
பேராசிரியர் இயோ கொடுத்த வேலை:
பழைய சுவர் ஒன்றைத் தொட்டுப் பார்த்து
இரண்டு பக்கம் எழுது.
நாளை காலை எங்கள் கான்கிரீட் கட்டிகளுக்கு
இருபத்தெட்டாம் நாள்.
தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து
எந்திரத்தின் வாயில் வைத்து
உடையும்வரை நசுக்குவோம்.
ஏழாம் நாள் கட்டி பிஸ்கட் மாதிரிப் போனது.
நீ தண்ணீரைக் கூட்டிவிட்டாய் என்று ஹ்தெட்டும்
மணலில் ஈரம் இருந்தது என்று நானும்
இன்னும் பேசி முடிக்கவில்லை.

உள்ளே ஒருவர் ஆர்கனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரே சுரம்.
நிறுத்துவார், எதையோ திருகுவார்,
மறுபடி அதே சுரம்.
வண்ணக் கண்ணாடியில் மழை வழிய
தரையில் கிடந்த நீலம் லேசாக நடுங்கியது.

வழிகாட்டியின் கழுத்தட்டையில் ஜெனவீவ் என்றிருந்தது.
மெட்ராஸ் சூனம், என்றார் சுவரைக் காட்டி.
சுண்ணம் என்று திருத்த நாக்கு நுனிவரை வந்தது.
திருத்தவில்லை.
அவர் சொல்லச் சொல்ல
சமையல் குறிப்புபோல எழுதிக்கொண்டேன்:
சிப்பிச் சுண்ணாம்பு,
முட்டையின் வெள்ளைக்கரு,
நாட்டுச் சர்க்கரை,
தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர்.
பூசிக் காய்ந்தபின் பளிங்குக்கல்லால்
தேய்த்துத் தேய்த்து மினுக்கியது.

விகிதம்? என்றேன்.
தெரியாது.
பூசியவர்கள்?
இந்தியக் கைதிகள்.
பெயர்கள்?
அவர் குடையை வலக்கையிலிருந்து
இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

பித்தளைத் தகடுகளில் பெயர்கள் இருந்தன.
காய்ச்சலில் போனவர், கப்பலில் போனவர்,
ஒன்பது மாதமே இருந்த குழந்தை.
அந்தக் குழந்தைக்காகக் கொஞ்சம் நின்றேன்.

கைதி என்ற சொல்லுக்குள் ஒரு கை இருப்பதை
இன்றுதான் பார்த்தேன்.
வெளியிலிருந்து வந்த சொல், தெரியும்,
நம் கைக்கும் அதற்கும் உறவில்லை.
இருந்தாலும் இருக்கிறது.

சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.
குளிர்ச்சி.
எத்தனை முறை வெள்ளையடித்திருப்பார்களோ,
நான் தொடுவது போன வருடத்துப் பெயின்டாகவும் இருக்கலாம்.
இந்தச் சுவரே அவர்களின் பெயர் என்று எழுதலாம்.
இயோ சிவப்பில் கோடு போடுவார்:
ஆதாரம் எங்கே?

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.
இத்தனை சுவருக்கு எத்தனை முட்டை,
கூடை கூடையாக, வண்டி வண்டியாக.
வெள்ளை சுவருக்குப் போயிற்று, சரி.
மஞ்சள் கருவை யார் தின்றது?

ஜெனவீவ் சத்தமாகச் சிரித்துவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டார்.
யாரும் கேட்டதில்லை, என்றார்.
பிறகு அவரும் யோசிக்கத் தொடங்கினார்,
கண்காணியின் காலைத் தட்டிலா,
விலங்கிட்ட கால்களோடு சட்டியைச் சுற்றி
உட்கார்ந்தவர்களின் சோற்றிலா.
ஒருவேளை கொட்டியே விட்டிருப்பார்கள் என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
ஆர்கன்காரர் கடைசியில்
வேறொரு சுரத்துக்குப் போனார்.

மழை விடவில்லை. பசி.
எதிர்ப்புறக் கட்டடத்தின் கீழ்த்தளக் கடையில்
காப்பியும் இரண்டு அரைவேக்காட்டு முட்டையும்.
உடைத்து ஊற்றி, மிளகு தூவி, சோயா விட்டேன்.
வேகாத வெள்ளை கண்ணாடிபோல நடுங்கியது.
ஒரு விரலால் தொட்டு
மேசையோரம் ஒரு கோடு இழுத்தேன்.
சீனியில் கொஞ்சம் எடுத்து அதன்மேல் தூவினேன்.
சுண்ணாம்பு இல்லை.

மஞ்சள் கரு இரண்டையும்
ஒரே மடக்கில் விழுங்கினேன்.
எட்டரை மணிக்கு வா, பிந்தாதே என்று
ஹ்தெட் செய்தி அனுப்பியிருந்தான்.
படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்,
காப்பி ஆறும்வரை, கோடு காயும்வரை.

மேசை துடைக்கிறவர் வந்தார்.
ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நகர்ந்தவர்
திரும்பி வந்து
அந்த ஓரத்தை மட்டும்
இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார்.