எலுமிச்சை அளவுக் குமிழி

மாதேஷ் பேச்சுக்கு இடம் விடுவதே இல்லை.
ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து வந்து
பகலெல்லாம் வரைகிறவன்.
பேருந்து நீள உடும்பு,
அதன் கழுத்தில் பதினோரு வயது நுணா,
மலையைத் தின்று ஏப்பம் விடும் கல்விழுங்கி,
எல்லாம் கட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கும்.
மூலையில், போனால் போகிறதென்று
எலுமிச்சை அளவில் ஒரு குமிழி.
அதற்குள் தமிழை உட்கார வைப்பது
என் வேலை.

தமிழ் லேசில் உட்காராது.
'தின்றுகொண்டிருப்பானோ' என்று
நுணா ஒரு சந்தேகம் கேட்டால் போதும்,
கொம்பும் காலும் சுழியுமாகக்
கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொள்ளும்.
எழுத்தைச் சிறுக்கினால்
பிள்ளைகள் கண்ணைச் சுருக்குவார்கள்.
வெட்டினால் ஒற்று அழும்.

கல்விழுங்கி கற்பனையே இல்லை என்பான் மாதேஷ்.
கிருஷ்ணகிரி தாண்டிப் பாதி அறுத்து நிற்கிற குன்றுகளைப்
பேருந்து சன்னலில் பார்த்தானாம்.
"யாரோ கடிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சுடா.
பல்லு எவ்ளோ பெருசுன்னு யோசிச்சேன்,
மீதி ஆளு தானா வந்துட்டான்."

சத்தங்களுக்குக் குறைவில்லை, அது ஓர் ஆறுதல்.
அவன் நடந்தால் திடும் திடும்,
மென்றால் நறநற,
உடும்பு வாலைச் சுழற்றினால் விசுக்.
கல் கதவு திறக்கும் சத்தம் மட்டும்
மூன்று நாள் கிடைக்கவில்லை.
பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே
கடை ஷட்டரைத் தூக்கும்போது
தானாக வந்து விழுந்தது:
கர்ர்ர்ரடார்.

கடை என்றால் ஃபிளக்ஸ் கடை.
காதணி விழா, பூப்பு நன்னீராட்டு,
கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி.
ஆள் இல்லாத நேரத்தில்
இரண்டாவது திரையில் நுணா.

அந்தச் செவ்வாய்க்கிழமை
எட்டுக்கு ஆறில் ஓர் அஞ்சலி.
சென்னகேசவன், தக்காளி லாரி டிரைவர், நாற்பத்தொன்று.
தனியாக எடுத்த படம் இல்லை.
ஒகேனக்கல் போனபோது பரிசலில் எடுத்ததுதான்,
ஈரச் சட்டையோடு சிரிக்கிறார்.
"சட்டைய வெள்ளையாக்கிருங்க" என்றார் மைத்துனர்,
"பின்னாடி தண்ணி வேண்டாம், மேகம் போடுங்க."
கத்தரித்தேன்.
தண்ணீர் போனது. பரிசல் போனது.
தோளில் கிடந்த ஒரு சின்னக் கை
தனி அடுக்காகக் கழன்று வந்தது.

"அண்ணா, இது ஏன் காலியா இருக்கு?"
கூட வந்த பெண்பிள்ளை
இரண்டாவது திரை முன்னால் நின்றிருந்தாள்.
பக்கம் அறுபத்து மூன்று.
நுணா பிடி நழுவி விழுகிறாள்.
அந்தக் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே
விரற்கடை வெள்ளை.
மேலிருந்து உடும்பு என்னவோ சொல்கிறது.

"சொல்லு கொள்ளலம்மா.
'பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன்',
இத்தனூண்டுல எப்படி?"

அவள் யோசிக்கவே இல்லை.
"இருன்னு போடுங்க."

போட்டேன்.
இரண்டே எழுத்து.
சுற்றிலும் காற்றாட இடம் மிச்சம்.
பொறு என்றும் படிக்கலாம்,
உயிரோடு என்றும்.

அப்புறம் என் திரைப் பக்கம் திரும்பி
"அது என் கை" என்றாள்.

அழித்ததை மீட்டேன்.
மைத்துனர் தலையை ஆட்டினார்:
"உயிரோட இருக்கற புள்ளையோட கை
இதுல ஆகாது தம்பி."
அதுவும் சரிதான்.
மறுபடி எடுத்தேன்.
வலது கீழ் மூலையில் நானே தட்டியிருந்தேன்,
யாரென்று தெரியாமல்:
மகள் ஹேமஸ்ரீ.
ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு
சாயங்காலம் மேகத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

இரவு மாதேஷுக்குப் பக்கங்களை அனுப்பினேன்.
பதினொன்றரைக்கு, இயந்திர இரைச்சலுக்கு நடுவே போன்.
"அறுபத்து மூணுல, அந்த வெள்ளைக்குள்ளேர்ந்து
ஒரு கை நீட்டிக்கிட்டிருக்கே.
நான் வரையலையே. யாரோடது?"

"மேல கோடு மட்டும் போட்டுக் குடு" என்றேன்.
"நகத்துல மருதாணி பாதி அழிஞ்சிருக்கும் பாரு.
அதையும் அப்படியே."