எட்டாவது பெயர்

மூன்றே கால். தலையணைக்கடியில் போன் அதிர்கிறது.
குஸ்கோக்விம் ஆற்றங்கரையிலிருந்து
சுகாதார உதவியாளர் ஒலிங்கா:
"ஈவானுக்கு இமை தூக்க முடியவில்லை.
பேச்சு குழறுகிறது. காய்ச்சல் இல்லை."

காய்ச்சல் இல்லை என்றதும்
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சாப்பிட்டார்?"
"புளிக்கவைத்த மீன்தலை. பிளாஸ்டிக் வாளியில்."
படிவத்தில் வாளிக்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் கிறுக்குகிறேன்.

நச்சுமுறி இங்கே குளிர்பெட்டியில்.
விமானியை எழுப்பியாயிற்று,
பனிப்புயல்தான் இன்னும் மனம் வைக்கவில்லை.

"வேறு யார் யார் சாப்பிட்டார்கள்?"
ஏழு பெயர். எழுதினேன்.
பிறகு போனில் காற்று மட்டும்.

"எட்டாவது நான்.
வஸ்ஸிலி, என் குடும்பப் பெயர். எழுத்துக்கூட்டவா?"

ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்.
எழுத்தை யார் கேட்டது,
அவள் நாக்கைக்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.