முற்றுண்ணி

சேன்-பெனுவா எடைமேடை. நவம்பர். மழை.
கரும்பு ஏற்றிய கஷலோக்கள் வரிசையில்.
கஷலோ என்றால் திமிங்கிலம்,
இந்தத் தீவில் கரும்பு லாரிக்கு அதுதான் பெயர்.
ஒரு திமிங்கிலம் மேடையேறி எண் நிலைக்க
மூன்று நிமிடம்.
அந்த மூன்று நிமிடத்தில் நான்
எடைச்சீட்டின் முதுகில்
இல்லாத ஒரு கிரகத்தை எழுதுகிறேன்.

அங்கே இருப்பவர்களுக்குக் காலுக்கு மூன்று முழங்கால்.
ஒரு வாக்கியம் சொல்ல ஒரு பகல் ஆகும்.
விடியலில் எழுவாய்,
உச்சிவெயிலில் செயப்படுபொருள்,
வினைமுற்று அந்திக்கு.
அந்திக்குச் சற்று முன்னால் வரும்
முற்றுண்ணி.

கொம்பில்லை. பல்லில்லை.
நிழல்கூடப் பக்கத்து மரத்தின் நிழலில் ஒண்டிக்கொள்ளும்.
வாய் உண்டு, அதுவும் காது மாதிரி.
"நான் என் மகளை ஆற்றின் அக்கரைக்கு" என்று
காலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள்
கடைசிச் சொல்லுக்கு உதடு பிரிக்கையில்
அதை உறிஞ்சிவிடும்.
பிறகு அவள் அழைத்துப் போகவும் இல்லை,
போகாமலும் இல்லை.
நிற்கிறாள். பாசி ஏறுகிறது.
அவர்கள் வயல்களில் நடுகல் போலத் தெரிவதெல்லாம்
எச்சங்கள்.

இருபத்தொரு டன் அறுநூறு. அடுத்தது.

காவலுக்கு வாசலில்
மலிவான வினைகளைக் கோத்துத் தொங்கவிடுவார்கள்:
தும்மினேன், சொறிந்தேன், கொட்டாவி விட்டேன்.
சில்லறைப் பேய்கள் அதைத் தின்றுவிட்டுப் போகும்.
இது போகாது. இதற்கு ருசி தெரியும்.
மன்னித்தேன், திரும்பி வருவேன்
என்கிற மாதிரி
நன்றாய் முற்றியதுதான் வேண்டும்.
எங்கள் காரைக்காலில் வினை தீரக் கோயிலுக்குப் போவார்கள்.
அங்கே, வினை தீர்ந்துவிடாமல் இருக்க.

கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது.
அதற்கென்று சொந்தமாய் ஒரு வினை கிடையாது.
வரும், உறிஞ்சும், போகும்,
எல்லாம் நான் இரவல் கொடுத்தவை.

செவ்வாயன்று அந்தச் சீட்டு தவறுதலாய்
எக்ஸ்பெதி முத்துசாமியின் கைக்குப் போய்விட்டது.
வெள்ளிக்கிழமை வண்டியை மேடையில் நிறுத்தி
இறங்கியே வந்துவிட்டான்.
சீட்டு நனைந்து உலர்ந்து, அப்பளம்.
"முன்பக்கம் என் கரும்பு. பின்பக்கம் யாருடையது?"
என்றான் கிரியோலில்.
வாசித்துக் காட்டினேன். பின்னால் நான்கு லாரிகளின் ஹாரன்.
கண்ணை மூடிக் கேட்டான்.
"மகள், தெரியும். ஆறு, தெரியும். வாசல், பேய், கோயில்.
நடுநடுவே என்னவோ நடக்கிறது,
அதுதான் பிடிபடவில்லை."

ஐந்து தலைமுறைக்கு முன் கப்பலேறிய வீடு.
பெயர்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.
வினைகளை எந்தக் கடலில் எது தின்றதோ.

பிறகு தன் நெஞ்சைத் தொட்டு,
"நான் முத்துசாமி" என்றான், தமிழில்.
வண்டியைக் காட்டி, "இது கரும்பு."
தகரக்கூரைக்கு வெளியே காட்டி, "அது மழை."
என் தமிழ் இவ்வளவுதான் என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மூன்று வாக்கியம். மூன்றும் முழுசு.
இதில் எங்கே வாய் வைப்பது?

அடுத்த சீட்டின் முதுகில்
பாசி பிடித்தவளின் உதடு அசைந்தது.
நீ யார்? நான் அம்மா.
இவள்? இவள் என் மகள்.
அது? அது அக்கரை.
முற்றுண்ணி அந்தச் சொற்களைச் சுற்றிச் சுற்றி வந்தது,
வாசலில்லாத வீட்டைச் சுற்றும் திருடன் மாதிரி.
முழங்காலில் ஒன்றிலிருந்து பாசி உரிந்து விழுந்தது.
மற்ற இரண்டில் இன்னும் இருக்கிறது.

ஆற்றைத் தாண்டினார்களா என்று
திங்களன்று எக்ஸ்பெதி கேட்பான்.
அதைச் சொல்ல ஒரு வினை வேண்டும்.
சொல்லலாம். மணி நாலரைதான்.
ஆனால் எடைமேடைக்கு அடியில்,
ஈரச் சக்கைக்கும் இருட்டுக்கும் நடுவே,
காது மாதிரி ஒரு வாய்.

இருபத்து மூன்று டன் இருநூறு.
அடுத்தது.