தாங்கிக்கு அடியில்

நாள் வாடகை எண்பது வெள்ளி.
லோயாங்கில், கடலுக்கு முதுகைக் காட்டி,
ஆறு இரும்புத் தாங்கிகளுக்கு நடுவே
தண்ணீரில் இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக
நிற்கிறது எங்கள் படகு,
தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடித்ததும்
இடுப்புத் துண்டோடு புளோக் அடியில்
வந்து நிற்பவரைப் போல.

"மேலேயே பூசிடலாம் லா," என்றான் மெங் ஹுவாட்.
"யார் குனிஞ்சு பாக்கப் போறா?"
நகத்தால் ஒரு ஓரத்தைக் கிள்ளினேன்.
அப்பளம்போல் எழும்பி வந்தது
உள்ளங்கை அளவுப் பச்சை.
அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.
தார்ப்பாயை விரித்தான்.

பச்சை, நோர்லேலா தேர்ந்தெடுத்தது.
மூன்று பேர் பணம் போட்டு வாங்கியபோது
மூவருக்கும் நீச்சல் சுமாராகத்தான் தெரியும்.
இப்போது அவள் பெர்த்தில்.
பங்கைக் காசு வரை கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டு
நன்றி என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள்.
அந்த வரியில் சுரண்ட ஒன்றும் இல்லை.

சுரண்டியை இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது.
தள்ளினால் முனை கடித்துவிடும்.
இருபது இழுப்புக்கு ஒருமுறை அரம்.
பச்சைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே முரட்டுச் சிவப்பு,
அதற்கும் கீழே ஏனென்று தெரியாத கறுப்பு.
முன்பு வைத்திருந்தவர்கள் யாரென்று தெரியாது.
ஒருவன் அவசரக்காரன்.
கழுவாமலே பூசியிருக்கிறான்;
கொட்டலசின் வட்டங்கள் சிவப்புக்குள் அம்மைத் தழும்பாக.
இன்னொருவர் ஏராவின் அடியில்,
எவர் கண்ணும் படாத இடத்தில்,
கை வலிக்க மூன்று பூச்சு கொடுத்தவர்.
அவரை எனக்குப் பிடித்துவிட்டது.
அவரைத்தான் அதிக நேரம் சுரண்ட வேண்டியிருந்தது.

செம்பு என்றால் வீட்டில் தண்ணீர் மொள்வது.
இங்கே அது விஷம்.
ஒட்ட வருவதைக் கொல்ல வண்ணத்தில் கலந்தது,
கொல்லக் கொல்லத் தானும் கரைவது.
முகமூடிக்குள்ளும் அதன் ருசி.
மூக்கைச் சிந்தினால் நீலம்.
நேற்று இருபத்தொன்பதாம் எண் பேருந்தில்
என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலி.
ஒரு குழந்தை மட்டும் என் காதைக் காட்டி
அம்மாவிடம் எதையோ கேட்டது.
அம்மா ஜன்னலைக் காட்டினாள்.

மூன்றாம் நாள் மதியம் மழை.
படகுக்கு அடியிலேயே குந்தி
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம்.
தலைக்கு மேல் படகு, அதற்கு மேல் மழை,
அதற்கும் மேல்
சாங்கியில் இறங்க இடம் கேட்டுச் சுற்றும் விமானங்கள்.
"கொப்புளம் இருக்கு," என்றான் அவன், வாயில் நெத்திலியோடு.
அணியத்துக்குக் கீழே, வெளிறிய ஜெல்கோட்டில்,
மிளகளவில், சுண்டைக்காய் அளவில்,
பதினேழு.
ஒன்றைத் துளைத்தான்.
காடி நெடி பீச்சியடித்தது.
பைபர்கிளாஸுக்கும் புளிக்கத் தெரிகிறது,
வருஷக்கணக்கில் மூடிவைத்தால்.

நான்காம் நாள் யார்டு ஆள் ரெஸாவுல்
தாங்கிகளை ஒவ்வொன்றாகத் திருகித் தளர்த்தி
ஒரு முழம் நகர்த்திக் கொடுத்தார்.
ஆறு சதுரங்கள்.
பச்சை இல்லை, நீலம் இல்லை,
கண் கூசுகிற மாதிரி அந்த முரட்டுச் சிவப்பு,
அதன்மேல் நசுங்கிய கொட்டலசு, குடும்பம் குடும்பமாக.
கரையேறிய ஒவ்வொரு தடவையும்
தாங்கி அதே இடத்தில் நின்றிருக்கிறது,
தூரிகை அதைச் சுற்றிப் போயிருக்கிறது.

போன தடவை நோர்லேலா கேட்டாள்,
முட்டி போட்டபடி, முழங்கை வரை பச்சையாக:
"இதுக்கு அடியில?"
மணி ஆறரை.
ஏழைத் தாண்டினால் இன்னொரு எண்பது.
நான்தான் சொன்னேன்,
யாருக்குத் தெரியப் போகுது, விடு.

சதுரங்களை நானே செய்கிறேன் என்றேன்.
மெங் ஹுவாட் அரத்தைத் தட்டிக் கொடுத்தான்.
ஐந்தாவது முடியும்போது விளக்குப் போட்டார்கள்.
ஆறாவது சுக்கானை ஒட்டி, தோள் நுழையாத இடம்.
மல்லாந்து படுத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு,
இடது கை தடவிச் சொல்ல
வலது கை சுரண்டியது.

"புதுசா என்ன கலர்?" என்று
அவன் வெளியிலிருந்து கேட்டது காதில் விழுந்தது.
வாயைத் திறந்தால் சிவப்பு விழும்.