சாக்பீஸால் ஒரு மெஷின்

வங்கியில் என் கட்டைவிரலை
அந்தச் சின்னப் பெட்டி மூன்று முறை மறுத்தது.
சிவப்பு. சிவப்பு. மறுபடியும் சிவப்பு.
"என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள் கவுண்டரில் இருந்தவள்.
உப்புத்தாள் தேய்க்கிறேன் என்றேன்.
"பத்து நாள் தேய்க்காம இருங்க,
தேங்காயெண்ணெய் தடவுங்க, ரேகை வந்துடும்."

தேய்க்கும் மெஷினுக்குக் கடன் கேட்டுத்தான் போயிருந்தேன்.
அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கந்தம்பட்டி பைபாஸ் ஓரம் பட்டறை.
பத்தடிக்கு இருபத்திரண்டு, ஒரு ஷட்டர்,
நான், இன்னாசி, ஏற்காட்டுச் சில்வர் ஓக் பலகைகள்.
ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்கு நாற்பது மேசை.
மேசைக்கு நாலு விளிம்பு.
பெருக்கிப் பார்க்காதே என்றான் இன்னாசி,
ஏற்கெனவே பெருக்கிப் பார்த்தவன்.

கையால் தேய்த்தால் முனை உருண்டுவிடும்.
மட்டம் வைத்துப் பார்த்தால்
அடியில் ஒரு நூல் வெளிச்சம் வரும்.
அந்த நூலைத்தான் இத்தனை வருடமாக
சீலர் அடித்து மறைத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து ரோட்டில் புதுசு ஒன்று, ஆரஞ்சு வண்ணம்,
சிங்கிள் ஃபேஸில் ஓடும், தவணை உண்டு.
ஓடவிட்டு அதன் மேசைமேல்
அஞ்சு ரூபாய்க் காசை நிற்கவைத்தேன்.
விழுந்து உருண்டு கடைக்காரர் காலடியில் படுத்தது.
"காசு அப்படித்தாங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

செவ்வாய்பேட்டையில் முனாப் பாயிடம் இருந்தது பழசு.
வார்ப்பிரும்பு, எருமை நிறம்,
ஆறங்குல பெல்ட், ஓடும்போதே
மேலும் கீழும் மெல்ல ஏறி இறங்குகிறது.
காசு நின்றது.
டீ குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தபிறகும்
நின்றுகொண்டிருந்தது.

பெல்ட்டைக் கழற்றச் சொல்லி
பின்னால் இருக்கும் தகட்டைத் தடவினேன்.
நடுவில் ஒரு பள்ளம், கண்ணுக்குத் தெரியாது.
யாரோ பல வருடம் ஒரே இடத்தில் நின்று
ஒரே இடத்தில் அழுத்தியிருக்கிறார்.
ரேகை போன விரலுக்குப் பள்ளம் நன்றாகவே தெரிகிறது.
"இதைக் கண்டுபிடிச்சது நீங்கதாம்மா" என்று
பள்ளத்துக்கு நாலாயிரம் குறைத்தார் முனாப் பாய்.

இன்னாசி தரையில் சாக்பீஸால் மெஷினை வரைந்தான்.
ஏழடி நீளம், மூன்றடி அகலம்.
இரண்டு நாள் அதன்மேல் நடந்தோம்.
மூன்றாம் நாளிலிருந்து, யாரும் சொல்லாமலே, சுற்றிப் போனோம்.
டீ கொண்டுவரும் பையனும் சுற்றியே வந்தான்.
தெருநாய் மட்டும் மோட்டார் இருக்கவேண்டிய இடத்தில் படுத்தது.
மரத்தூள் மூடினால் காலையில் மறுபடி வரைவான்,
நாயை எழுப்பாமல்.

எட்டாம் நாள் கட்டைவிரலில் கோடுகள் தெரிந்தன.
மரத்தின் வளையம்போல என்று எழுதலாம்தான்.
புதுச் செருப்பின் அடிப்பாகம்போல இருந்தது.
என் பங்கையும் சேர்த்துத் தேய்த்ததில்
இன்னாசியின் விரல் வழுக்கையாகிவிட்டது.
ரேஷனுக்கு வீட்டுக்காரிதான் கைவைப்பாள்,
எனக்கென்ன என்றான்.

பதினோராம் நாள் பெட்டி பச்சை காட்டியது.
கவுண்டரில் இருந்தவள் எழுந்து நின்று பார்த்தாள்.

லோடுமேன் அஞ்சு பேர், ஒரு கடப்பாரை, நிறைய வசவு.
மெஷின் கோட்டுக்குள் அப்படியே உட்கார்ந்தது.
பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தூசிக் குழாயை மட்டும்
வரைய மறந்திருந்தோம்.
பாத்ரூம் கதவு இனி பாதிதான் திறக்கும்.
இன்னாசி வயிற்றை எக்கி
உள்ளே போய், வெளியே வந்து காட்டினான்.
போதும் என்றான்.

த்ரீ ஃபேஸ் இணைப்புக்கு
மூன்று வாரம் ஆகுமாம், லைன்மேன் சொன்னார்.
அதற்குள் ஹாஸ்டல் திறந்துவிடும்.
தவணை கட்டக் கையெழுத்துப் போதுமா என்று
வங்கிக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன்.
போதுமாம்.

எண்பதாம் நம்பர் உப்புத்தாளை நாலாய்க் கிழித்து
மெஷின்மேல் பலகையைச் சாய்த்து
தேய்க்கத் தொடங்கினேன்.
சாய்க்க நல்ல உயரம்.
இருபத்தாறு மேசை பாக்கி.