சலைன் கொக்கி

ஏலத்தில் எடுத்த வண்டி.
கொண்டலாம்பட்டிப் பட்டறையில் நாலு மாதம் கிடந்து
வெள்ளை போய் மாம்பழ மஞ்சள் ஆனது.
முகப்பில் இடம் வலம் மாற்றி எழுதியிருந்த எழுத்துகள் மட்டும்
இரண்டு கோட்டிங்குக்கு அடியிலிருந்து
வெயில் சாயும்போது எட்டிப் பார்க்கும்.
"முன்னாடி போறவன் கண்ணாடிக்குத்தானே அது, விடு"
என்பான் மாதேஸ்.

மடக்குக் கட்டில் இரண்டு, ஒற்றை அடுப்பு,
இருபது லிட்டர் கேன்.
கூரையிலிருந்த சலைன் கொக்கி கழலவில்லை.
பழைய வெல்டிங், பிடிவாதமானது.
பிள்ளைகளின் நீச்சல் கண்ணாடிகளை
அதில் மாட்டினோம்.

யார் யார் படுத்த இடம் என்று நான் கேட்கவில்லை.
பினாயில் ஊற்றி மூன்று முறை துடைத்தேன்.
நான்காம் முறை மஞ்சள் தண்ணீர்.

கடலூர் போவதாக இருந்தோம்.
ஏழு வயதுக் கனிகா இதுவரை பார்த்த பெரிய தண்ணீர்
மேட்டூரில் பதினாறு கண் மதகு திறந்த அன்று.
"கடலுக்கு அந்தக் கரை உண்டா?" என்றாள்.
"உண்டு. ஆனா விசா வேணும்" என்றான் இன்பா.

வாழப்பாடி தாண்டி ஒரு டீக்கடை டிவியில்
மூன்றாம் எண் கூண்டு ஏறியிருந்தது.
மாதேஸ் பாதி டீயை வைத்துவிட்டு
வண்டியைத் திருப்பினான்.
யாரும் பேசவில்லை.
ஊதி வைத்த வாத்து டியூப் மட்டும்
பின்னால் இங்கும் அங்கும் உருண்டது.
அயோத்தியாப்பட்டணத்தில், வீட்டுக்கு நேரே போகாமல்,
வலப்பக்கம் ஒடித்தான்.
குப்பனூர் வழியாக மலை.

கொட்டச்சேட்டுக்கு மேலே காப்பித் தோட்டத்து ஓரம் நிறுத்தினோம்.
மழை. மிளகுக்கொடியெல்லாம் சொட்டும் சத்தம்.
தட்டுவடைக்குக் கொண்டுவந்த பீட்ரூட் துருவல் புளித்திருந்தது.
வெறும் தட்டுவடையைக் கடித்துக்கொண்டு
நாலு பேரும் நாலு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

இரவு ஒன்றரைக்குக் கதவில் தட்டல்.
கோணிப்பையைத் தலைக்குப் போட்ட ஒருவன், கையில் டார்ச்.
"இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்களே சார்,
இப்பத்தான் போன் பண்ணேன்."
இல்லை என்று சொல்லத்தான் மாதேஸ் வாயைத் திறந்தான்.
"ஏத்துங்க" என்றான்.

அலமேலு என்று பேர். இருபது வயது இருக்கும்.
பிள்ளைகள் முன் சீட்டுக்குத் தாவினார்கள்.
தலைக்கு வைக்க ஒன்றுமில்லை;
வாத்தில் கொஞ்சம் காற்றை இறக்கிக் கொடுத்தேன்.
வலி வந்தபோது அவள் மேலே கையெறிந்து
கொக்கியைப் பிடித்தாள்,
கண்ணாடிகளையும் சேர்த்து.

ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே
வளைவுகளை ஏறினான் மாதேஸ்.
எந்த வளைவிலோ பனிக்குடம் உடைந்து
வெதுவெதுவென்று என் பாதம் வரை வந்தது.
மணல் அள்ள வாங்கிய சிவப்பு வாளியை
முன்னாலிருந்து நீட்டினாள் கனிகா.
எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை,
எனக்கும்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோட்டைத் திறந்தாள்.
"எந்த ஊர் வண்டி?"
"சேலம்."
பொய்யில்லை.

நாலு இருபதுக்குப் பெண் குழந்தை.
அந்த ஆள் வெளியே வந்து, அழுது,
மாதேஸின் சட்டைப்பையில் ஐம்பது ரூபாயைத் திணித்தான்,
"டீ குடிங்க டிரைவர் சார்."
மாதேஸ் திருப்பிக் கொடுக்கவில்லை.
கொடுத்திருந்தால் அவனுக்கு எல்லாவற்றையும்
விளக்க வேண்டியிருக்கும்.

விடிந்தது என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம்.
ஆஸ்பத்திரி மதிலோரம் அடுப்பைப் பற்றவைத்து
அந்த டீயைப் போட்டோம்.
சிவப்பு வாளியில் தண்ணீர் பிடித்து வண்டியைக் கழுவினேன்.
பினாயில் எடுக்கத் தோன்றவில்லை.
படியில் குந்தியிருந்த கனிகா
வழிந்து போவதைப் பார்த்துக் கேட்டாள்:
"இது உப்பா இருக்குமா?"
"இருக்கும்."

இன்பாவின் நீச்சல் கண்ணாடியைக் காணோம்.
கட்டிலுக்கடியில் இல்லை, சீட்டுக்கடியில் இல்லை.
உள்ளே போயிருக்கும்,
அவள் கையோடு.